பயிரும் சாம்பல் சத்தும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



நெற்பயிர் தூர் கட்டும் காலத்தில் கரும்பச்சையாய்ச் செழித்து நிற்பதைக் கண்டு குடியானவர் மனம் மகிழ்கிறார். யூரியாவைத் தாராளமாக இட்டதன் பலன் கண்ணெதிரே தெரிகிறது. கதிர் வெளிவரும் சமயத்தில் அடியிலைகளின் நுனி பழுக்கத் தொடங்குகிறது. அப்பழுப்பு இலையோரத்தின் வழியே மெல்ல உள்நோக்கி இறங்குகிறது. இலைகளில் பழுப்புப் புள்ளிகளும் காண்கின்றன. பால் பிடிக்கும் நாளில் ஒரு மழைக்காற்று அடித்ததும் பயிர் படுத்துவிடுகிறது. களத்தில் தூற்றும்போது பதர் மிகுந்திருக்கிறது. நோய் விழுந்துவிட்டது என்று எண்ணி மருந்துக் கடைக்கு ஓடுவதே வழக்கமாக இருக்கிறது. நோயும் உண்டுதான். ஆனால் பல வயல்களில் அந்நோய்க்கு வாயிலைத் திறந்து வைத்தது சாம்பல் சத்தின் குறைவேயாகும்.

அக்குறைவு கதிர் வந்த அன்று தோன்றியதன்று. பல வாரங்களுக்கு முன்பே பயிர் அதனை உணர்ந்து, வேண்டிய ஏற்பாடுகளையெல்லாம் செய்து, கையிருப்பையும் செலவழித்து ஓய்ந்த பின்னரே இலை நுனி பழுத்தது. கண்ணும் காதும் மூளையும் இல்லாத பயிர் இதனை எவ்வாறு அறிகிறது, எவ்வாறு சமாளிக்கிறது என்ற விஷயம் சென்ற அறுபது எழுபது ஆண்டுகளில் வெகுவாகத் துலங்கியிருக்கிறது. சங்கத்தில் கடனுக்கு வாங்கும் உர மூட்டையை எப்போது இடுவது, எவ்வளவு இடுவது என்னும் கேள்விகளுக்கும் இவ்விஷயத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

சாம்பல் சத்து என்பது பொட்டாசியம் என்னும் தாதுப்பொருள். பொட்டாஷ் என்ற பெயரே பானைச் சாம்பல் என்று பொருள்படும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது. விறகுச் சாம்பலை நீரில் கரைத்து வடித்து, அந்நீரைப் பானையில் காய்ச்சி உப்பெடுத்த காலத்தின் பெயர் அது. 1807-ஆம் ஆண்டில் லண்டனில் ஹம்ப்ரி டேவி என்னும் ரசாயன சாஸ்திரி அவ்வுப்பிலிருந்து மின்சாரத்தின் உதவியால் பொட்டாசியத்தைத் தனியே பிரித்தெடுத்தார். 1861-இல் ஜெர்மனியிலுள்ள ஸ்டாஸ்பர்ட்டில் சுரங்க உப்பிலிருந்து பொட்டாஷ் உரம் செய்யும் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகு உலகத்தார் சாம்பலை மறந்து மூட்டை உரத்தை நாடலானார்கள். அவரைப் பந்தலுக்கும் புடலைக் கொடிக்கும் அடுப்புச் சாம்பலைப் போட்டு வந்த கிராமத்துப் பெண்மணிகள் மட்டும் அதை மறந்தாரில்லை.

தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிரின் உடம்பாகவே மாறிவிடுகின்றன. சாம்பல் சத்து அப்படியன்று. அது எப்பொருளோடும் கெட்டியாகச் சேர்வதில்லை; உள்ளே புகுந்தது முதல் கடைசி வரை சாற்றில் கரைந்த உப்பாகவே உலவுகிறது. கட்டிடத்தில் செங்கல்லாக இராமல், கட்டிடம் எழுப்பும் ஆட்களைப்போல் இங்குமங்கும் நடமாடுகிறது எனலாம். இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்தால் மேலே சொல்லப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

அதன் வேலைகள் பல. பயிரின் உடம்பிலே ரசாயன மாறுதல்களை நடத்தி வைக்கும் அறுபதுக்கு மேற்பட்ட நொதிகளுக்கு அது துணை. உயிரணுக்களில் நீரை இழுத்து நிறுத்தித் தண்டும் இலையும் விறைப்பாக நிற்கச் செய்வது அதுவே. இலையில் உண்டாகும் சர்க்கரையைக் கதிருக்கும் கிழங்குக்கும் கொண்டு செல்லும் நாளங்களும் அதன் உதவியாலேயே நன்கு ஓடுகின்றன; அது குறைந்தால் இலையில் சர்க்கரை தேங்குகிறது, மணி சரியாக நிரம்புவதில்லை. பதர் மிகுவதற்கு இஃதொரு காரணம்.

இலைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உள்ளன. ஒவ்வொரு துளைக்கும் இருபுறமும் அவரை விதை வடிவில் இரண்டு காவல் அணுக்கள் உண்டு. (நெல் முதலிய புல்லினங்களில் அவற்றின் வடிவம் சிறிது வேறுபடும்.) பொழுது விடிந்ததும் பொட்டாசியம் காவல் அணுக்களுக்குள் பாய்கிறது, நீரும் அதனைத் தொடர்கிறது, அணுக்கள் உப்பி வளைய, துளை திறக்கிறது. காற்று உள்ளே சென்று உணவு தயாராகிறது. வெயில் கடுமையாகி நீர் குறைந்தால் பொட்டாசியம் வெளியேறுகிறது. அணுக்கள் தளர்ந்து துளை மூடிக்கொள்கிறது. சாம்பல் சத்துக் குறைந்த பயிரில் இக்கதவுகள் மந்தமாக வேலை செய்கின்றன. மூட வேண்டிய வேளையில் விரைந்து மூடுவதில்லை. வாய்க்காலில் ஒரு முறை தண்ணீர் தவறினால் ஒருவர் பயிர் வாடுவதும் அடுத்தவர் பயிர் தாங்கி நிற்பதும் ஏன் என்ற கேள்விக்கு விடை பல சமயங்களில் இங்கே கிடைக்கும்.

இனி, பயிர் இச்சத்தை எப்படிப் பெறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மண்ணிலுள்ள ஈரத்தில் கரைந்திருக்கும் பொட்டாசியம் மிகச் சொற்பம். வேரின் உயிரணுவுக்குள்ளே இருப்பதோ அதைப்போல் நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரையில். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு நீர் தானாக ஏறாது. ஆயினும் வேர் அதனை ஏற்றிக்கொள்கிறது. எப்படியெனில், வேரணுவின் தோலிலே அமைந்துள்ள நுண்ணிய பம்புகள், பயிர் சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழித்து, இடைவிடாமல் புளிப்பணுக்களை வெளியே இறைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் அணுவின் உட்புறம் எதிர்மின்சாரம் உடையதாகிறது. பொட்டாசியம் நேர்மின்சாரம் உடையது. ஆகவே உட்புறம் அதனைத் தன்னிடம் இழுக்கிறது. பம்பு ஓட மூச்சு வேண்டும். மூச்சுக்குக் காற்று வேண்டும். நீர் தேங்கிய பருத்தி வயலிலும் வாழைத் தோட்டத்திலும் மண்ணில் சாம்பல் சத்து இருந்தும் பயிர் பட்டினி கிடப்பதன் காரணம் இதுவே. நெல் மட்டும் தன் தண்டினுள்ளே காற்றுக் குழல்கள் அமைத்து வேருக்கு மூச்சு அனுப்பிக்கொள்கிறது.

வேருக்குள் நுழைய இரண்டு வழிகள் உண்டு. ஏரியில் நீர் நிறைந்திருக்கும்போது மடையைத் திறந்துவிட்டால் போதும். நீர் தானே பாயும். நீர் மட்டம் இறங்கிவிட்டால் மடை பயன்படாது. ஏற்றம் கட்டி ஆள் வைத்து இறைக்க வேண்டும். வேரும் அவ்வாறே செய்கிறது. மண்ணில் சாம்பல் சத்துப் போதிய அளவு இருக்கையில் மடை போன்ற வாயில்கள் வழியே, மேற்சொன்ன மின்சார இழுப்பினால், அது உள்ளே பாய்கிறது. மிகவும் குறைந்துவிட்டால் ஏற்றம் போன்ற வேறு சாதனம் வேலைக்கு வருகிறது; வெளியே இறைத்த புளிப்பணு ஒன்று திரும்பி உள்ளே வரும் வேகத்தைக் கொண்டு பொட்டாசியத்தையும் கூடவே இழுத்து வருகிறது. இதில் செலவு அதிகம். இவ்விரண்டு வழிகளும் உண்டென்பதை 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இமானுவேல் எப்ஸ்டீன் என்பவரும் அவருடைய தோழர்களும் பார்லிப் பயிரின் வேர்களைக் கொண்டு எண்ணளவில் நிரூபித்தார்கள். 1992-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியிலிருந்து மடைக்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்தனர். அவர்கள் கையாண்ட உபாயம் வெகு நேர்த்தியானது. பொட்டாசியத்தை எடுக்கும் சக்தியற்ற ஈஸ்ட் என்னும் புளிக்காளானுக்குள் செடியின் மரபணுக்களை ஒவ்வொன்றாகப் புகுத்திப் பார்த்து, எதனைப் பெற்றதும் அது பிழைத்து வளர்ந்ததோ அதனையே பொறுக்கிக்கொண்டார்கள். அம்மடைக்கு ஏ.கே.டி.1 என்று பெயர். ஏற்றத்துக்கு எச்.ஏ.கே.5 என்று பெயர். பெயர்களை நினைவில் வைக்கவேண்டுவதில்லை. மடை, ஏற்றம் என்று கொண்டால் போதும்.

மடையை எவ்வளவு திறப்பது, ஏற்றத்தை எப்போது கட்டுவது என்று யார் தீர்மானிப்பது? ஏரிக்கு நீர்க்கட்டி உண்டு. வேருக்கும் அத்தகைய ஏற்பாடு இருக்கிறது. மண்ணில் சாம்பல் சத்துக் குறைந்தவுடன் வேரின் நுனியைச் சற்றுத் தாண்டியுள்ள ஒரு சிறு அணுக்கூட்டத்திலே பொட்டாசியத்தின் அளவு சட்டென்று இறங்குகிறது. அவ்விடத்திலேயே சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் அலைபோல் எழுகிறது. குறைவை முதன்முதலில் உணரும் இடம் இதுவென்று ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்துச் சர்வகலாசாலையாரும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2021-இல் வெளியிட்டார்கள். கால்சியம் தூதனைப் போன்றது. அதனை வாங்கிக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. அது கால்சியத்தோடு சேர்ந்ததும் இன்னொரு புரதத்தைத் தட்டியெழுப்புகிறது. எழுந்த புரதம் மடைக்கு மணிச்சத்து முத்திரை ஒன்றை இடுகிறது. முத்திரை விழுந்ததும் மடை திறக்கிறது. இச்சங்கிலியை 2006-இல் பீகிங்கிலும் கலிபோர்னியாவிலும் வெவ்வேறாக உழைத்த இரு கூட்டத்தார் கண்டுபிடித்தனர். நெற்பயிரின் வேரிலும் இதே ஏற்பாடு நடைபெறுகிறதென்று 2014-இல் காட்டப்பட்டது. ஏற்றத்துக்கும் அதே புரதமே முத்திரையிடுகிறதென்று 2015-இல் தெரிந்தது. சங்கத்தில் காரியதரிசி கையொப்பமிட்டாலன்றிப் பெட்டி திறவாதது போலத்தான் இதுவும்.

குறைவு நீடித்தால் வேர் மேலும் சில காரியங்களைச் செய்கிறது. சில மணி நேரத்துக்குள் புதிய ஏற்றங்கள் பல கட்டப்படுகின்றன. எத்திலீன் என்னும் வாயு வேரில் உண்டாகிறது. அதன் ஏவலால் வேர்த்தூவிகள் நீண்டு, எட்டாத மண்ணைத் துழாவுகின்றன. மேலேயுள்ள இலைகளின் நிலைமையும் வேருக்குத் தெரிந்தே இருக்கிறது. இலைக்கு ஏறிய பொட்டாசியத்தில் ஒரு பகுதி சர்க்கரை நாளத்தின் வழியே மீண்டும் வேருக்குத் திரும்பி வருகிறது. திரும்பி வருவது குறைந்தால் மேலே தேவை மிகுந்துவிட்டதென்று பொருள்.

யூரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இது. வயலில் இட்ட யூரியா சில நாட்களில் அம்மோனியாவாக மாறுகிறது. நீர் நிற்கும் நெல் வயலில் தழைச்சத்து பெரும்பாலும் அவ்வுருவிலேயே இருக்கும். அம்மோனியாவின் அணுவும் பொட்டாசிய அணுவும் பருமனிலும் மின்சாரத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பவை. அம்மோனியா மிகுந்த இடத்தில் ஏற்றம் தடைப்படுகிறது. மடை அவ்வளவாகத் தடைப்படுவதில்லை. 1998-இல் அமெரிக்காவில் மடையில்லாத அராபிடாப்சிஸ் செடிகளைக் கொண்டு இது பரீட்சிக்கப்பட்டது. சாம்பல் சத்துக் குறைந்த ஊட்டத்தில், அம்மோனியா இல்லாதபோது அச்செடிகள் ஏற்றத்தைக் கொண்டு ஒருவாறு பிழைத்தன. அம்மோனியாவும் சேர்ந்தபோது வளர்ச்சி குன்றி நின்றுவிட்டன. நெற்பயிர் அம்மோனியாவுக்குப் பழகிய பயிராகையால் இத்தடையைக் கடுகுச் செடியைவிட நன்றாகத் தாங்கும். ஆயினும் வேறொரு விதத்தில் அதுவும் தப்புவதில்லை. தழைச்சத்து மிகுந்தால் உடம்பு விரைந்து பெருக்கிறது. பெருத்த உடம்புக்கெல்லாம் சாம்பல் சத்தைப் பங்கிட வேண்டியிருக்கிறது. குடும்பத்தில் பேர் கூடி நெல் கூடாத நிலை அது. தூர் கட்டும்போது கண்ட கரும்பச்சை பாதி கடன் வாங்கிய செழிப்பேயாகும்.

அக்கடன் எங்கிருந்து வருகிறது? சங்கக் கணக்கில் கைரொக்கம் என்றும் சேம நிதி என்றும் இரண்டு உண்டு. அன்றாட வேலை கைரொக்கத்தால் நடைபெறுகிறது. அதனை ஓரளவுக்குக் குறையாமல் வைக்காவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். சேம நிதியோ கூடலாம், குறையலாம். பயிரின் ஒவ்வோர் உயிரணுவிலும் இவ்விரண்டு கணக்குகளும் இருக்கின்றன. நொதிகள் வேலை செய்யும் உயிர்ச்சாற்றில் பொட்டாசியத்தின் அளவு எப்போதும் ஏறக்குறைய ஒரே நிலையில் காக்கப்படுகிறது. அணுவின் நடுவேயுள்ள பெரிய நீர்ப்பையே சேம நிதி. மண்ணிலிருந்து வரும் வரவு குறைந்தால் நீர்ப்பையிலிருந்து எடுத்து உயிர்ச்சாறு நிரப்பப்படுகிறது. நீர்ப்பை வெறுமையாகிவிடாதபடி சோடியம் போன்ற மலிவான உப்புக்களை அங்கே நிரப்பிவைத்துப் பயிர் சமாளிக்கிறது. இலைக்கணுவுக்குள் இப்படியென்றால், முழுப்பயிரிலும் இதே முறைதான். இளந்தளிருக்கும் கதிருக்கும் தேவை எழும்போது முதிர்ந்த அடியிலைகளிலிருந்து சாம்பல் சத்து உருவி மேலே அனுப்பப்படுகிறது. கரைந்த உப்பாகவே இருப்பதால் உருவுவது எளிது. இதனாலேதான் சாம்பல் சத்துக் குறைவு எப்போதும் அடியிலையில் முதலில் தெரிகிறது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்தால் குருத்தில் முதலில் தெரிகிறது. சந்தேகம் வந்தபோது எந்த இலை முதலில் கெட்டது என்று பார்ப்பது நல்ல பரீட்சை. தழைச்சத்துக் குறைந்தாலும் அடியிலைதான் வெளுக்கும். ஆனால் அப்போது இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகும். சாம்பல் சத்துக் குறைவில் நுனியும் ஓரமும் மட்டும் தீய்ந்து, நடுநரம்பு வெகுநாள் பச்சையாக இருக்கும்.

இச்சிக்கனத்தால் நேரும் கெடுதியும் ஒன்று உண்டு. பயிர் தன் குறையைத் திறமையாகச் சமாளிக்கும் வரையில் குடியானவருக்கு அது தெரிவதில்லை. சேம நிதி கரைந்து, அடியிலைகளும் கொள்ளை போன பிறகே அடையாளம் வெளிப்படுகிறது. அதற்குள் தூர்களின் எண்ணிக்கையும் கதிரில் அமையும் மணிகளின் எண்ணிக்கையும் முடிவாகியிருக்கும். பிறகு இடும் உரம் மணியைச் சிறிது நிரப்ப உதவலாம். இழந்த மணியைத் திருப்பித் தராது. மறைவான பசி என்று விஞ்ஞானிகள் இதனைச் சொல்வார்கள். கண்ணை நம்பாமல் இலையைச் சோதனைக்கு அனுப்பினால் இப்பசி முன்பே வெளிப்படும்: தூர் கட்டுவது முதல் கதிர் உருவாகும் வரையில், புதிதாக முழுதும் விரிந்த நெல் இலையின் உலர்ந்த எடையில் பொட்டாசியம் 1.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு உண்டென்று கொள்ளலாம்.

குறைவைப்போலவே மிகுதியிலும் பயிருக்கு ஒரு சுபாவம் உண்டு. ஒரே தடவையில் நிறையக் கொடுத்தால் தனக்கு வேண்டியதற்கு மேலும் உறிஞ்சி நீர்ப்பையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். விளைச்சல் அதனால் கூடுவதில்லை. சேர்த்ததெல்லாம் வைக்கோலில் தங்கிவிடும். மணற்பாங்கான நிலத்தில் பயிர் எடுக்காத மீதி, நீரோடு கீழே இறங்கி வீணாகிறது. ஆகையால் மணல் நிலத்தில் ஒரே அடியாக இடாமல், நடவின்போது ஒரு பங்கும், தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் மற்றப் பங்குகளுமாக இடுவதே லாபம். களிமண் சத்தைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுப்பதால் அங்கே இந்த அவசரம் அவ்வளவு இல்லை.

மண்ணுக்கும் கைரொக்கம், சேம நிதி என்ற கணக்குகள் உண்டு. மண்ணீரில் கரைந்திருப்பது மிகச் சிறிது. களியின் மேல் ஒட்டியிருப்பது அதைவிடப் பல மடங்கு. மண்ணீரில் குறையக் குறைய இது கரைந்து ஈடு செய்யும். களியின் அடுக்குகளுக்குள்ளும் காக்காய்ப்பொன் முதலிய கற்களிலும் அடைபட்டிருப்பதோ ஏராளம். ஆனால் அது வெளிவர வருஷங்கள் பல ஆகும். கரிசலில் இருப்பு மிகுதி. செம்மண்ணிலும் மணலிலும் குறைவு. தமிழ்நாட்டு மண் பரிசோதனைச் சாலைகளில் ஒரு ஹெக்டேருக்கு 118 கிலோவுக்குக் குறைந்தால் குறைவு என்றும், 118 முதல் 280 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் மிகுதி என்றும் வகுத்திருக்கிறார்கள். ஏக்கருக்குச் சுமார் 48 கிலோ, 113 கிலோ என்று கொள்ளலாம். தங்கள் நிலம் எவ்வகுப்பில் சேர்ந்ததென்று அறியாமல் பக்கத்து வயல்காரர் இட்டதையே இடுபவர்களில் சிலர் இல்லாத சத்தை இருப்பதாக எண்ணியும், சிலர் இருக்கும் சத்தை மறுபடியும் விலைக்கு வாங்கியும் நஷ்டப்படுகிறார்கள்.

இனி வரவு செலவைப் பார்க்கலாம். 1 டன் நெல் விளைய, பயிர் ஏறக்குறைய 15 கிலோ பொட்டாசியத்தை மண்ணிலிருந்து எடுக்கிறது. அதில் நெல்லோடு சேர்வது 3 கிலோவுக்கு உட்பட்டதே. மற்றதெல்லாம் வைக்கோலில் இருக்கிறது. ஏக்கருக்கு 2 டன் விளைந்தால் வைக்கோலோடு போவது சுமார் 24 கிலோ. 50 கிலோ மூட்டை மியூரியேட் ஆப் பொட்டாஷில் 60 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது பொட்டாஷின் அளவு; அதைப் பொட்டாசியமாகக் கணக்கிட்டால் 25 கிலோ வரும். ஆகவே ஓர் ஏக்கர் வைக்கோலைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுபவர் கிட்டத்தட்ட ஒரு மூட்டை பொட்டாஷை அதனோடு இலவசமாக ஏற்றிவிடுகிறார். வைக்கோலுக்கு வாங்கும் விலையில் இம்மூட்டையின் விலையையும் சேர்த்துப் பேசுபவர் அரிது. இருபோகம் விளையும் வயலில் ஆண்டுக்கு இரண்டு மூட்டை.

வைக்கோலை வயலிலேயே கொளுத்துவதால் சாம்பல் சத்து பெரும்பாலும் அழிவதில்லை. ஆனால் தழைச்சத்து புகையாகப் போய்விடுகிறது, சாம்பலும் காற்றிலும் ஒரு மூலையிலும் சேர்ந்து சமமாகப் பரவுவதில்லை. மடக்கி உழுவது மேல். வைக்கோற்போரைத் திறந்தபடி மழையில் விட்டால், கரைந்த உப்பாகவே இருக்கும் சத்து மழை நீரோடு ஒழுகிப் போரின் அடியில் இறங்கிவிடும். போரடியில் முளைக்கும் புல்லின் செழிப்பே அதற்குச் சாட்சி.

மாட்டுக்குப் போட்ட வைக்கோலிலுள்ள சாம்பல் சத்து எங்கே போகிறது? பெரும்பகுதி சாணத்தில் அல்ல, மூத்திரத்தில் வெளியாகிறது. சாணத்தைப் பத்திரமாகப் பொறுக்கி எருக்குழியில் சேர்த்துவிட்டு, மூத்திரத்தைத் தொழுவத்து மண்ணில் ஊற விடுபவர் சில்லறையை எண்ணிவைத்து நோட்டை எறிபவர். தொழுவத்தின் தரையைக் கெட்டித்துச் சாய்வாக அமைத்து ஒரு தொட்டியில் வடிக்கலாம். அதற்கு வசதியில்லாதவர்கள் மாட்டின் கீழே சருகையும் கழிவு வைக்கோலையும் பரப்பி, நனைந்ததை நாள்தோறும் எருக்குழியில் சேர்க்கலாம்.

விறகுச் சாம்பலில் மரத்திற்குத் தக்கவாறு பொட்டாஷ் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும். பொதுவாக 5 சதவீதத்தை ஒட்டி எனலாம். அரிசி ஆலையின் உமிச் சாம்பலை அவ்வாறு எண்ணக் கூடாது. அதில் பெரும்பாலும் மணற்சத்தே உண்டு. வாழைத்தண்டும் வாழைச் சருகும் தென்னை உரிமட்டையும் சாம்பல் சத்து நிறைந்தவை; அவற்றை அந்தந்தத் தோட்டத்திலேயே மக்கவிடுவது சிக்கனம். சாம்பலைச் சாணத்தோடும் மூத்திரம் ஊறிய எருவோடும் யூரியாவோடும் கலந்து வைக்கலாகாது. அதன் காரம் அம்மோனியாவைக் கிளப்பிக் காற்றில் விட்டுவிடும். களர் நிலத்துக்கும் சாம்பல் ஆகாது.

கடை உரத்தைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. மியூரியேட் ஆப் பொட்டாஷ் இந்நாட்டுச் சுரங்கங்களில் எடுக்கப்படுவதில்லை, கப்பலில் வருவது. 1914-இல் யுத்தம் மூண்டு ஜெர்மானியச் சரக்கு நின்றபோது உலகெங்கும் அதற்குப் பஞ்சம் ஏற்பட்டது; பிற்காலத்திலும் வெளிநாட்டில் சண்டை மூண்டால் சங்கத்துக் கிடங்கில் விலை ஏறுவதைக் குடியானவர்கள் கண்டிருக்கிறார்கள். 2010 ஏப்ரல் முதல் இந்திய சர்க்கார் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்குச் சத்தின் எடைக்கு இவ்வளவு என்று உதவித்தொகை கொடுத்து, விலையைச் சந்தைக்கு விட்டது. யூரியாவின் விலையை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. பொட்டாஷ் விலை ஏறியது. யூரியா மலிவாகவே நின்றது. மலிவானதை இரண்டு மூட்டையும் விலையுயர்ந்ததைப் பாதி மூட்டையும் வாங்குவது யாருக்கும் இயல்பே. அவ்வாறு வாங்கியவர் வயலில் பயிர் என்ன செய்கிறதென்பது மேலே சொல்லப்பட்டது. சங்கங்கள் பயிர்க் கடனில் ஒரு பகுதியை உரமாகவே கொடுக்கும்போது, அங்கத்தினரின் மண் பரிசோதனைச் சீட்டைக் கேட்டுப் பார்த்து அதன்படி மூட்டைகளைப் பிரித்துக் கொடுப்பதற்கு அதிகச் செலவில்லை. சத்து மிகுதி என்று சீட்டில் கண்டவர் பொட்டாஷ் மூட்டையைக் குறைத்துக்கொள்ளலாம். குறைவு என்று கண்டவர் யூரியாவில் ஒரு பகுதியைக் குறைத்து அப்பணத்தைப் பொட்டாஷுக்குத் திருப்பலாம். புகையிலை பயிரிடுவோர் மட்டும் மியூரியேட்டை விலக்கிச் சல்பேட் ஆப் பொட்டாஷையே கேட்டு வாங்க வேண்டும். முன்னதிலுள்ள குளோரின் இலையை நன்றாக எரியவொட்டாமல் கெடுக்கும்.

மண் மாதிரி எடுப்பதில் பலர் தவறுகிறார்கள். அறுவடை முடிந்து அடுத்த உரம் இடுவதற்கு முன் எடுக்க வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம், வாய்க்கால் தலைப்பு ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை நீக்கி, நெல் வயலானால் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்வெட்டியால் ஆப்பு வடிவில் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ் வரை ஒரே கனமாக மண்ணைச் சீவ வேண்டும். எல்லாவற்றையும் சுத்தமான சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும் வரை இவ்வாறே குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இட்டு, சர்வே எண், சென்ற பயிர், வரும் பயிர் ஆகியவற்றை எழுதி அனுப்ப வேண்டும். உரம் வந்த பழைய சாக்கை இதற்கு உபயோகிக்கலாகாது. சாக்கில் ஒட்டிய உரமே சோதனையில் தெரியும்.